வன்னிப் பிள்ளைகளுக்குப் பதிப்புத்துறையில் வழிகாட்டி முதலா, வேலை முதலா?

வட்டக்கச்சி வாசகி:
எங்கள் வாசிகசாலைக் கூட்டத்தில் வைத்த யோசனை ஒன்று முடிவில்லாமல் நின்றுவிட்டது. உங்கள் கருத்தையும் கேட்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் உயர்தரம் முடித்து, புத்தகத் தொழிலுக்கு வர விரும்பும் இளையோரை, அத்தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்களோடு ஓராண்டுக்கு ஒருவருக்கு ஒருவராக இணைத்துவிட வேண்டும் என்பதே யோசனை. எழுத்தாளர் ஆக்குவதற்கான பயிற்சியைப் பற்றி நான் பேசவில்லை. செம்மையாக்கம், ஒப்புநோக்கல் (அச்சுக்கு முன் பிழை பார்ப்பது), பக்க வடிவமைப்பு, அட்டை, உரிமை ஒப்பந்தம், விற்பனை போன்ற வேலைகளைப் பற்றிப் பேசுகிறேன்.

1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், பெண் தலைமைக் குடும்பத்துப் பிள்ளைகள், போரில் அவயவம் இழந்தவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும். இவர்களைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. அந்த நூல்களின் பிரதி எந்த மேசைகளில் திருத்தப்பட்டதோ, அங்கே இவர்களில் ஒருவராவது உட்கார்ந்திருந்தாரா?

வெளியே இது புதிதில்லை. பிரித்தானியாவில் பெங்குயின் ராண்டம் ஹவுஸ் 2016 இல், வேலைக்கு விண்ணப்பிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயம் இல்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு, வாய்ப்புக் குறைந்த பின்னணி எழுத்தாளர்களுக்குப் பதிப்பாசிரியர் ஒருவரின் வழிகாட்டலைத் தரும் ரைட்நவ் திட்டத்தையும் தொடங்கியது.

நெடுங்கேணித் தம்பி:
அக்கா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளைகள் ஓராண்டு பழகிவிட்டு எங்கே வேலைக்குப் போவார்கள்? எங்கள் நூல்கள் 300, 500 பிரதிதான் அச்சாகின்றன. எழுத்தாளர் தன் கைக்காசைப் போடுகிறார். செலவு குறைவு என்று பல நூல்கள் சென்னையில் அச்சாகிப் பொதியில் வந்து இறங்குகின்றன. வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்குபவர்கள் உறையில் வைத்துக் கொடுப்பதுதான் அச்சுக்கூலியை மீட்கிறது. இந்தக் கணக்கில் செம்மையாக்குபவருக்கு என்று ஒரு தொகை எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? இல்லாத வேலைக்கு ஆள் தயாரித்தால், ஏமாற்றத்தைத்தான் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். போருக்குப் பிறகு இந்த மண்ணில் நடந்த பயிற்சிகள் கொஞ்சமா? சான்றிதழ் இல்லாத வீடு இருக்கிறதா?

நீங்கள் வெளிநாட்டைக் காட்டியதால் நானும் காட்டுகிறேன். அமெரிக்காவில் லீ அன்ட் லோ என்ற பதிப்பகம் பதிப்புத்துறை ஊழியர்களைப் பற்றி ஆய்வு செய்தது. 2015 இல் 79 வீதத்தினர் வெள்ளையர். 2019 இல் 76 வீதம். நான்கு ஆண்டுகளாக இதைப் பற்றி அத்தனை பேச்சு நடந்தும் அசைந்தது மூன்று புள்ளிதான். முதலில் பிரதேச சபை நூலகங்கள் எங்கள் நூல்களை ஒழுங்காக வாங்கட்டும். வாங்குபவர் வந்தால் பதிப்பகம் வரும், பதிப்பகம் வந்தால் வேலை வரும்.

வட்டக்கச்சி வாசகி:
தம்பி, அதே ஆய்வை முழுவதும் வாசியுங்கள். 2019 இல் பயிலுநர்களாக இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். உயர் நிர்வாகத்திலோ 78 வீதம் வெள்ளையர்கள். கதவு திறந்திருக்கிறது, உள்ளே தங்குவதற்குத்தான் வழியில்லை. குறைந்த சம்பளத்தில் நியூயோர்க்கில் வாடகை கொடுத்துக்கொண்டு எத்தனை ஆண்டு இருக்க முடியும்? அதனால்தான் மூன்று நாள் பட்டறையைக் கேட்காமல் ஓராண்டைக் கேட்கிறேன். அந்த ஓராண்டுக்கும் பணம் வேண்டும் என்கிறேன்.

பழைய ஒப்புநோக்காளர்:
பிள்ளைகளே, வன்னியில் இத்தொழில் இருந்ததே இல்லை என்பதுபோல் பேசுவது எனக்கு வலிக்கிறது. கிளிநொச்சியிலிருந்து ஈழநாதம் நாளிதழ் வந்துகொண்டிருந்த காலத்தில் இங்கே அச்சுக்கோப்பவர், ஒப்புநோக்குபவர், பக்கம் கட்டுபவர் எல்லோரும் இருந்தார்கள். 2009 இல் இயந்திரங்கள் அழிந்தன, ஆட்களும் போனார்கள். யாழ்ப்பாணத்தில் 1841 இல் உதயதாரகைப் பத்திரிகை வந்தது, 1849 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்தார். அங்கேயும் அழிவு வந்தது, ஆனாலும் தெரிந்தவரிடமிருந்து தெரியாதவருக்குத் தொழில் கைமாறிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு அந்தக் கைமாற்றம்தான் அறுந்தது. ஆகவே வழிகாட்டி என்பதை யாரோ புதிதாகக் கொண்டுவருகிற திட்டமாக நான் பார்க்கவில்லை. நானும் ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழகினேன்.

பக்கத்தில் உட்காராமல் பழக முடியாதவை என்னென்ன என்று சொல்கிறேன். ஒரு பிரதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டு வரும். அடித்தவர் ரகரத்துக்குப் பதில் ‘ா’ என்ற அரவைப் போட்டுக் குற்று (புள்ளி) வைத்திருப்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு தேடினால் அந்தச் சொல் அகப்படாது. ஓர் ஊரின் பெயர் முதல் அத்தியாயத்தில் ஒரு மாதிரியும் ஏழாம் அத்தியாயத்தில் வேறு மாதிரியும் வரும். அதைப் பிடிக்க வாசிக்கும்போதே பக்கத்தில் தாள் வைத்துக் குறித்துக்கொண்டு போக வேண்டும். புத்தகம் 16 பக்கங்களாக மடிபடுகிறது. பிரதி 100 பக்கத்தில் முடிந்தால் மேலதிகமாக ஒரு மடிப்பு வேண்டும். எங்கே வெளி அதிகம், எந்தத் தலைப்பு புதுப் பக்கத்தில் தொடங்கத் தேவையில்லை என்று பார்த்து 96க்குள் கொண்டுவந்தால் எழுத்தாளரின் பணம் மிஞ்சும். சர்வதேசத் தராதர நூல் எண்ணைக் கொழும்பில் தேசிய நூலகத்தில் எடுக்க வேண்டும். உரிமைப் பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும், செத்துப்போன கவிஞரின் பாடலை எடுத்தாள யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2003 ஆம் ஆண்டு இலங்கைப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. இவையெல்லாம் விரிவுரை கேட்டு வராது. பிழை விட்ட பக்கத்தை ஒருவர் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பித் தர வேண்டும். இரண்டாம் முறை சுழிகள் குறையும்.

கனகராயன் கரை:
ஐயா சொன்ன சிவப்பு மையில்தான் என் பயம் இருக்கிறது. அந்தப் பேனா யார் கையில்? எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் சிறுகதைத் தொகுதி செம்மையாக்கத்துக்குப் போனது. பாட்டன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்தவர், அவள் பிறந்தது கிளிநொச்சியில். கதைமாந்தர்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினார்கள். திரும்பி வந்தபோது எல்லோரும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள்போல் பேசிக்கொண்டிருந்தார்கள். திருத்தியவர் கெட்டவர் இல்லை, அவருக்கு அதுதான் சரியான தமிழ். அந்தப் பெண் தொகுதியை வெளியிடவே இல்லை. நாங்கள் வழிகாட்டி என்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் ஆள் தேடப் போகிறோம். ஓராண்டு முடியும்போது அவர்களுடைய காதே எங்கள் பிள்ளைகளுக்கும் வந்துவிடும். பிறகு எங்கள் கதையை எங்கள் பிள்ளையே வெட்டும். இதைவிட வழிகாட்டி இல்லாமல், தங்களுக்குள் ஐந்தாறு பேர் கூடிப் பழகுவது மேல்.

பழைய ஒப்புநோக்காளர்:
அந்தத் தொகுதிக்கு நடந்தது கொடுமை. ஆனால் அது தொழில் தெரிந்தவர் செய்கிற வேலை இல்லை, தம்பி. உரையாடலில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி இட்டு எழுத்தாளரைக் கேட்க வேண்டும், தானாக மாற்றக் கூடாது. நான் பழகியபோது முதல் பாடமே அதுதான். ஐந்தாறு பேர் தங்களுக்குள் கூடினால் இந்தக் கட்டுப்பாட்டை யார் சொல்லிக் கொடுப்பார்?

கனகராயன் கரை:
அப்படியானால் அதை விதியாக எழுதுங்கள், ஐயா. வழிகாட்ட வருகிறவர் முதல் நாளே ஒப்பமிடட்டும். அவர் திருத்திய பக்கங்களைப் பிள்ளையும் கேள்வி கேட்கலாம் என்றும் இருக்கட்டும். நல்ல மனிதர் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்து ஒரு பிள்ளையை அனுப்ப நான் தயாரில்லை.

முள்ளியவளை அம்மா:
நீங்கள் எல்லோரும் மேசையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பஸ்ஸைப் பற்றிக் கேட்கிறேன். பின்னேரம் கடைசி பஸ்ஸை விட்டால் என் மகள் எப்படி வீடு வருவாள்? தெரியாத ஆண் ஒருவரோடு ஓராண்டு தொலைபேசியில் தனியாகப் பேச எந்த வீட்டில் விடுவார்கள்? பெண் பிள்ளைகளுக்குப் பெண் வழிகாட்டிகள் வேண்டும். சந்திப்பு பொது நூலகத்தில், பகலில் நடக்க வேண்டும். போக்குவரத்துச் செலவை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், ரசீது காட்டினால் பிறகு தருகிறோம் என்ற பேச்சு வேண்டாம். முதலில் போடுவதற்குக் காசு இல்லாதவர்களைப் பற்றித்தானே பேசுகிறோம்?

மாங்குளத்திலிருந்து:
நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். ஒப்புநோக்கலை வீட்டிலிருந்தே செய்யலாம். பிரதி மின்னஞ்சலில் வரும், மின்னஞ்சலில் போகும். முல்லைத்தீவில் இருந்துகொண்டு சென்னைக்கும் ரொறன்ரோவுக்கும் வேலை செய்யலாம். நெடுங்கேணித் தம்பி சொல்வதுபோல் பதிப்பகம் எங்கள் ஊரில் இருந்தாக வேண்டும் என்றில்லை. ஆகவே திட்டத்தை ஆதரிக்கிறேன். ஆனால் அக்காவின் முன்னுரிமைப் பட்டியலை முழு மனதோடு எதிர்க்கிறேன். என் காலைப் பார்த்து என்னைத் தெரிவு செய்யாதீர்கள். இருபது பக்கம் பிழையுள்ள பிரதியைத் தாருங்கள், நான் எத்தனை பிழையைப் பிடிக்கிறேன் என்று பாருங்கள். இரக்கத்தால் உள்ளே வந்தவனுக்கு இரண்டாவது வேலையை யாரும் தர மாட்டார்கள்.

வட்டக்கச்சி வாசகி:
அண்ணா, உங்கள் தன்மானத்துக்கு முன்னால் நான் பேசத் தயங்குகிறேன். ஆனாலும் சொல்ல வேண்டும். முதல் நாளே சோதனை வைத்தால் யார் தேறுவார்கள்? வீட்டில் புத்தக அலுமாரி இருந்தவர்களும் தனியார் வகுப்புக்குப் போனவர்களும்தான். கண்டாவளையில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டே படித்த பிள்ளை பிழையைப் பிடிக்காமல் விடுவது அவளிடம் திறமை இல்லாததால் அல்ல. மூன்று மாதம் பழக்கிவிட்டுச் சோதனை வைப்போம். அதன் பிறகு தேறாதவரை வைத்திருக்க நானும் கேட்க மாட்டேன்.

மாங்குளத்திலிருந்து:
மூன்று மாதத்துக்குப் பிறகு என்றால் ஒப்புக்கொள்கிறேன். விண்ணப்பத்தில் குடும்பக் கதை எழுதச் சொல்லும் பகுதி மட்டும் இருக்கக் கூடாது. போர் முடிந்தபோது எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தொடங்கி, படிவம் படிவமாக எங்கள் கதையை எழுதிக் கொடுத்துவிட்டோம்.

நெடுங்கேணித் தம்பி:
எல்லோரும் உள்ளே வருவதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஓராண்டு முடிந்த மறுநாள் என்ன நடக்கும் என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. சென்னையும் ரொறன்ரோவும் முகம் தெரியாத பிள்ளைக்கு முதல் நாளே பிரதி அனுப்பாது.

பழைய ஒப்புநோக்காளர்:
உங்கள் ஊரிலேயே கூலி கிடைக்கிற புத்தகங்கள் இருக்கின்றன, தம்பி. 31 ஆம் நாள் நினைவு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை விழா மலர், பிரதேச செயலகத்தின் பண்பாட்டு விழா மலர். இவற்றுக்குக் குடும்பங்களும் சபைகளும் பணம் கொடுக்கின்றன. ஆனால் பணம் முழுவதும் அச்சகத்துக்குப் போகிறது. ஒப்புநோக்க ஆள் இல்லாததால் இறந்தவரின் பெயரே பிழையாக அச்சாகிறது. 32 பக்க நினைவு மலர் ஒன்றில் நான் மேலே சொன்ன வேலை எல்லாம் இருக்கிறது. அச்சகங்களோடு பேசி, விலைப்பட்டியலில் ஒப்புநோக்கலுக்குத் தனியே ஒரு தொகை போடச் சொல்லலாம். நான் இரண்டு பேரைப் பழக்கிவிட ஆயத்தம். பேசுகிற வேலையையும் நானே செய்கிறேன்.

நெடுங்கேணித் தம்பி:
ஐயா, நினைவு மலர்களை நம்பி ஒரு குடும்பம் சீவிக்க முடியாது. நூலகங்கள் வாங்க வேண்டும் என்ற என் நிலையை விடவில்லை. அதற்காகக் கரைச்சி பிரதேச சபைக்கு எழுதுகிற கடிதத்தில் நீங்கள் எல்லோரும் ஒப்பமிட வேண்டும். என் தங்கச்சிக்கு இந்த வேலையில் விருப்பம் இருக்கிறது. பக்கத்துக்கு எவ்வளவு கூலி, யார் தருவது, எத்தனை நாளுக்குள் என்று எழுதிக் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவளை அனுப்புவதா என்று சொல்வேன்.

வட்டக்கச்சி வாசகி:
கடிதத்தை இங்கே இடுங்கள் தம்பி, ஒப்பமிடுகிறேன். கூலி முதல் மலரிலிருந்தே பிள்ளையின் கைக்கு நேரே போக வேண்டும், வழிகாட்டி வழியாகப் போகக் கூடாது என்பது என் பக்க நிபந்தனை. ஐயா, அச்சகங்களோடு பேசும்போது முள்ளியவளை அம்மா கேட்ட போக்குவரத்துச் செலவையும் சேர்த்துப் பேசுவீர்களா?