தறி விபத்து: முன்பண பாக்கியை நஷ்டஈட்டில் கழிக்கலாமா?

தாரமங்கலம் தறி (ஜூன் 2024; கீழே வரும் இழப்பீட்டுப் பிரிவுகளும் கணக்கும் அன்று நடப்பில் இருந்த 1923 சட்டப்படி; 2025 நவம்பரில் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 வந்துவிட்டது)

வணக்கம். எட்டுத் தறி ஓட்டுகிறேன், ஆள் நாலு பேர். அதில் ஒருவர் 2022 மார்ச்சில் 85,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். புரோநோட்டு இருக்கிறது. வாரக்கூலியில் 500, 500 ஆகப் பிடித்தது போக 52,000 பாக்கி. கணக்கு என் நோட்டில் தெளிவாக இருக்கிறது.

இந்தப் பிப்ரவரியில், கியர் பல்லில் சுற்றிக்கொண்ட கழிவு நூலைத் தறியை நிறுத்தாமலே எடுக்கப் போய், வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. சேலத்தில் ஆஸ்பத்திரிச் செலவு 62,000 நான்தான் கட்டினேன். இப்போது 6 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பாக்கியையும் ஆஸ்பத்திரிச் செலவையும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் போதுமா? முந்தின ராத்திரி குடித்திருந்தார் என்றும் சொல்கிறார்கள். பாக்கி தீரும்வரை அவருக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று பக்கத்துத் தறிக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜலகண்டாபுரத்தான்

அண்ணே, எங்கள் பக்கம் பெரியவர்கள் நாலு பேரை வைத்துப் பேசி முடித்துவிடுவோம். கையில் ஒன்றரை லட்சம், பாக்கி தள்ளுபடி, "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று பத்திரத்தில் ஒரு கையெழுத்து. கோர்ட்டுக்கு நடந்தால் செருப்புதான் தேயும்.

கோர்ட் பக்கம்

அந்தப் பத்திரத்தை நம்பி இறங்காதீர்கள். ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923, பிரிவு 17 படி உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் செல்லாது. பேசி முடிக்கலாம், தப்பில்லை. ஆனால் அதை இந்தச் சட்டப்படி இழப்பீட்டு வழக்குகளைத் தீர்க்கும் ஆணையரிடம் பதிவு செய்யவேண்டும். பதியாமல் விட்டால் முழுத் தொகைக்கும் நீங்கள் பொறுப்பு. ஏற்கெனவே கொடுத்த ஒன்றரை லட்சத்திலும், ஆணையர் வேறு மாதிரி உத்தரவிடாவிட்டால், பாதிக்கு மேல் கழிக்க முடியாது (பிரிவு 29).

பாக்கி விஷயம்: முடியாது. பிரிவு 9 அதற்கென்றே இருக்கிறது. இழப்பீட்டை ஜப்தி செய்யவும் கூடாது, வேறு கடனுக்கு ஈடுகட்டவும் கூடாது. ஆஸ்பத்திரிச் செலவும் அப்படித்தான். சிகிச்சைக்குக் கொடுத்தது இழப்பீட்டில் சேராது.

தொகைக்கு வருவோம். அவர் வயது, மாதக் கூலி என்ன? தறியில் கியர் மூடி இருந்ததா? ஈஎஸ்ஐ உண்டா?

தாரமங்கலம் தறி

வயது 35. பீஸ் கணக்குதான், மாதம் 18,000 வரும். நாலு பேருக்கு ஈஎஸ்ஐ எங்கே சார்? தறி பழசாக வாங்கியது, அப்போதே மூடி கிடையாது.

கோர்ட் பக்கம்

அப்படியானால் குடி வாதத்தைப் பெரிதாக நம்பாதீர்கள். விபத்து நடந்த நேரத்தில் போதையில் இருந்தார், அதனால்தான் நடந்தது என்று நீங்கள் நிரூபிக்கவேண்டும். "சொல்கிறார்கள்" என்பது சாட்சி ஆகாது. மூடியை அவரே கழற்றினார் என்றும் சொல்ல வழியில்லை. பீஸ் கூலி, நாலே ஆள் என்பதெல்லாமும் தப்பிக்க வழியல்ல. கரண்டில் ஓடும் உற்பத்தி இடம் என்றாலே சட்டம் பொருந்தும்.

கூலி எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைதான் கணக்கு. அதில் 60 சதவீதம் 9,000. 35 வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் பெருக்கல் எண் 197.06. பெருக்கினால் 17,73,540. ஒரு கையில் இரண்டு விரல் இழப்புக்கு 20 சதவீதம், ஆக 3,54,708 ரூபாய். சம்பாதிக்கும் திறன் இன்னும் அதிகம் போச்சு என்று அவர்கள் வாதாடலாம், அது வேறு. விபத்து நடந்த நாளிலிருந்தே தொகை கடன்தான் என்று பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீத வட்டி. மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. சரியான காரணம் இல்லாத தாமதம் என்றால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு.

புரோநோட்டுக்குத் தனியாக சிவில் கேஸ் போடலாம். நோட்டுத் தேதியிலிருந்து 3 வருடம், அதாவது 2025 மார்ச்சுக்குள். வாரம் பிடித்ததற்கு அவர் கையெழுத்து இல்லாவிட்டால் அந்த வரவு கெடுவை நீட்டாது. ஜெயித்தாலும் கூலியை ஜப்தி செய்ய முடியாது.

ஆனால் முதலில் அந்தத் தறிக்காரர்களுக்குப் போன் போடுங்கள். கடனைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1976-இல் போய் நிற்கும். 3 வருடம் வரை சிறை. அந்தக் கடனும் அதோடு செத்துப்போகும், கேஸே போட முடியாது. 52,000-க்காக இது தேவையா?

ஏற்காடு மிளகு

ஆளைக் காண்ட்ராக்டில் விட்டிருப்பவர்களும் கவனியுங்கள். இங்கே சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு மிளகு பறிப்பவர் விழுந்தால், காண்ட்ராக்டர் ஆள் என்று எஸ்டேட் கையை விரிக்க முடியாது. பிரிவு 12 படி எஸ்டேட்டிடமே கேட்கலாம். கொடுத்துவிட்டு, காண்ட்ராக்டரிடம் பிறகு வசூலிக்கவேண்டியதுதான்.

தாரமங்கலம் தறி

தறிக்காரர்களிடம் பேசிவிட்டேன். 6 லட்சத்துக்கு ஒத்துக்கொள்ள முடியாது சார். கேஸ் முடியும்வரை கொடுக்காமல் இருந்தால்?

கோர்ட் பக்கம்

இருக்கக் கூடாது. கேட்ட தொகையை ஏற்காவிட்டாலும், ஏற்றுக்கொள்ளும் அளவைத் தற்காலிகமாகக் கொடுத்துவிடவேண்டும் என்று பிரிவு 4அ சொல்கிறது. ஆணையரிடம் டெபாசிட் செய்து ரசீது வாங்கி, நகலை நோட்டீஸுக்கான பதிலோடு வையுங்கள். மிச்சத்துக்குத்தான் வாதம். பதிலில் புரோநோட்டைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.