ஷோலே: 204 நிமிடமா, 196 நிமிடமா? எது அசல்?

கேள்வி:
1975-இல் வந்த ஹிந்திப் படம் ஷோலேயின் மூன்று பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் மூன்றும் மூன்று விதம். ஒன்று பழைய டிவிப் பெட்டி மாதிரி கிட்டத்தட்ட சதுரம். இன்னொன்று அகலத்திரை, ஆனால் தலைக்கு மேலே இடமே இல்லை. மூன்றாவதில் கடைசியில் போலீஸ் வந்து தடுப்பதில்லை, தன் கைகளை வெட்டிய கொள்ளைக்காரன் கப்பரைத் தாக்கூரே கொன்றுவிடுகிறார். நீளமும் ஒத்துவரவில்லை, ஒன்று 204 நிமிடம், ஒன்று 196. 70 எம்.எம். (அகல ஃபிலிம்) படத்துக்குச் சதுரப் பிரதி எப்படி வந்தது?

பதில் 1:
முதலில் ஒன்று, படம் 70 எம்.எம். கேமராவில் எடுக்கப்படவே இல்லை. அந்தக் கேமரா பெரிது, செலவும் அதிகம். அதனால் சாதாரண 35 எம்.எம். நெகட்டிவில் எடுத்து, பிறகு பெரிதாக்கி 70 எம்.எம். பிரிண்ட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சா, 70 எம்.எம். பிரேமின் எல்லைக்கோடுகள் போட்ட கண்ணாடி வழியாகப் பார்த்துத்தான் காட்சியை அமைத்தார்.

கணக்கு எளிது. 35 எம்.எம். பிரேம் ஏறக்குறைய 22 மி.மீ. அகலம், 16 மி.மீ. உயரம். 70 எம்.எம். திரையின் விகிதம் 2.2:1, அதாவது உயரத்தைப் போல 2.2 மடங்கு அகலம். அகலத்தை அப்படியே வைத்தால் உயரத்தில் 10 மி.மீ.தான் மிஞ்சும். மேலும் கீழுமாக மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. மிஞ்சிய பட்டை இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாவதால் ஃபிலிமின் துகள், அதாவது பொடிப்பொடியான புள்ளிகள், தெரியும். மங்கலான வெளிச்சத்தில் எடுத்த ஷாட்களில் இது இன்னும் அதிகம்.

உங்கள் சதுரப் பிரதி முழு நெகட்டிவ் பிரேமிலிருந்து வந்திருக்க வேண்டும். அதில் கூடுதலாகத் தெரியும் வானமும் தரையும் திரைக்கென்று வைக்கப்பட்டவை அல்ல. 'வெட்டாத பிரதி' என்று அதைக் கொண்டாடுவது தப்பு. 2.2:1தான் இயக்குநர் ரமேஷ் சிப்பி நினைத்த சட்டகம். தலை இடிக்கிற பிரதியில், உயரத்தை அதைவிடக் குறைத்தோ சரியாக மையப்படுத்தாமலோ வெட்டியிருப்பார்கள்.

பதில் 2:
ஒலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 70 எம்.எம். பிரிண்டில் ஆறு டிராக் (தனித்தனி ஒலித்தடம்), எல்லாம் பிரிண்டின் மேல் பூசிய காந்தப் பட்டைகள். ஓட ஓடப் பூச்சு உதிரும், அதைப் படிக்கும் ஹெட் தேயும், முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிதான். காந்த ஹெட் இல்லாத கொட்டகைக்கு 35 எம்.எம். மோனோ (ஒற்றைத்தட ஒலி) பிரிண்ட். பிற்காலப் பிரதிகளின் ஒலி ஒன்றுக்கொன்று மாறுபட இப்படிப் பல மூலங்கள் இருந்ததும் ஒரு காரணம்.

கிளைமாக்ஸுக்கு வருவோம். முதலில் எடுத்தது தாக்கூர் ஆணி பதித்த செருப்பால் கப்பரை மிதித்துக் கொல்வதுதான். தணிக்கைக் குழு ஒத்துக்கொள்ளவில்லை. வன்முறை ஒரு பக்கம், முன்னாள் போலீஸ் அதிகாரியே சட்டத்தைக் கையில் எடுப்பது இன்னொரு பக்கம். படம் வெளியான 1975 ஆகஸ்ட் 15 அன்று நாடு நெருக்கடி நிலையில் இருந்தது, வாதாடிப் பார்க்கும் காலமில்லை. போலீஸ் வந்து தடுக்கும் முடிவைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். கிராமத்து இமாமின் மகன் கப்பரிடம் கொல்லப்படும் காட்சியும் குறைக்கப்பட்டது. என்னைக் கேட்டால் பழைய முடிவுதான் சரி. கை இல்லாதவரின் காலில் ஆணிச் செருப்பை மாட்டிவிட்டு 'சட்டம்' என்று நிறுத்துவது கதைக்கு ஒட்டவில்லை.

பதில் 3:
மீட்டெடுப்பு பற்றியும் சொல்ல வேண்டும். 70 எம்.எம். பிரிண்ட் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அசல் நெகட்டிவும் வினிகர் நோயால் கெட்டுப்போனது. அசிடேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், ஃபிலிம் சுருங்கி நெளியும், ஸ்கேனரில் சமமாகப் படியாது. லண்டன் கிடங்கில் இருந்த 35 எம்.எம். பிரதிகள் கைகொடுத்தன, சரிசெய்த பிரதியில் பழைய முடிவும் இருக்கிறது. பழைய படங்களைக் காக்கும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் இத்தாலியின் பொலோனியா ஆய்வகத்தோடு சேர்ந்து சரிசெய்த பிரதி, 2025 ஜூன் 27 அன்று அந்த ஊரிலேயே திரையிடப்பட்டது.

ஒரு திருத்தமும் உண்டு, கேள்வியில் இல்லாவிட்டாலும். எல்லாமே பெங்களூர் பக்கம் ராமநகரத்தில் எடுத்தது என்று எழுதுகிறார்கள். கிராமமும் பாறைகளும் அங்கேதான். ரயில் கொள்ளை பம்பாய்–பூனா பாதையில் பன்வேல் அருகே, ஏழு வாரத்துக்கு மேல் எடுத்தது. சிறை செட் பம்பாயில் ராஜ்கமல் ஸ்டுடியோ அருகே, வெளிப்புற வெயிலோடு ஒத்துப்போகத் திறந்தவெளியில் போட்டது. தாக்கூரின் விதவை மருமகள் ராதா விளக்கேற்றும் இரண்டு சிறு காட்சிகளுக்கு 20 நாள். அந்திவெளிச்சம் தினம் சில நிமிடம்தானே!

பதில் 4:
204, 196 புதிருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வெட்டு இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஃபிலிம் நொடிக்கு 24 பிரேம், நம் ஊர் பழைய டிவி முறை 25. ஃபிலிமை அப்படியே வேகப்படுத்தி மாற்றினால் 204 நிமிடம் 196 ஆகிவிடும். சோதிக்க எளிய வழி, இரண்டு பிரதியிலும் 'யே தோஸ்தி' பாட்டை ஓடவிடுங்கள். 196 பிரதியில் சுருதி ஏறக்குறைய அரைச்சுரத்தில் முக்கால் பங்கு ஏறிக் கேட்டால் வெறும் வேக வித்தியாசம்தான். சுருதியும் பாட்டின் நீளமும் ஒன்றாகவே இருந்தால் எட்டு நிமிடம் எங்கேயோ போயிருக்கிறது, இமாமின் மகன் கொல்லப்படும் காட்சியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.