சேஃப்டிய தள்ளினதும் ரைஃபிள் தானா வெடிக்குமா?

காட்பாடிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க நைனா மிலிட்டரில இருந்து ரிட்டையர் ஆகி இப்ப செக்யூரிட்டி வேலை பாக்குறாரு, கம்மவான்பேட்டை பக்கம்னா சொல்லவே வேணாம் ஊட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரி. லைசன்ஸோட சொந்தமா .315 போல்ட் ரைஃபிள் ஒண்ணு வச்சிருக்காரு (போல்ட்னா கையால முன்ன பின்ன இழுத்து தோட்டாவ உள்ள தள்ளி வெளிய எடுக்கற இரும்பு), ரொம்ப பழசு. போன வாரம் டூட்டி முடிஞ்சு வந்து தோட்டத்தாண்ட நின்னுக்கினு தோட்டாவ எடுக்கறதுக்காக சேஃப்டிய, அதான் தப்பித்தவறி வெடிக்காம தடுக்கற லாக்கை, ஆஃப் பண்ணாரு, டமால்னு வெடிச்சிருச்சு. குண்டு மண்ணுல போயிடுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல. ட்ரிகர்ல விரலே வைக்கலனு சத்தியம் பண்றாரு, எங்க சித்தப்பா மட்டும் வயசாயிடுச்சு கை நடுங்கி அமுத்திருப்பேனு சொல்லிக்கினு கீறாரு. ஊட்ல பெரிய சண்டை. விரல் படாம வெடிக்குமா வெடிக்காதா?

பாலாத்து மணல்:
நூத்துக்கு தொண்ணூறு கேஸ்ல விரல் தான் பாஸ். தானா வெடிச்சுதுன்னு தான் எல்லாரும் சொல்வாங்க.

பழைய ஆர்மரர்:
மணல் தம்பி, அப்படி அடிச்சு பேசாத. நான் மிலிட்டரில ஈஎம்இ பிரிவுல ஆர்மரரா, அதாவது துப்பாக்கி ரிப்பேர் பாக்கறவனா இருந்தவன், இப்ப ஆரணில செட்டில். வெடிக்கும்.

.315 பெரும்பாலும் நம்ம பழைய 303 லீ என்ஃபீல்ட் கணக்கு தான். காக் பண்ணா, அதாவது சுடறதுக்கு ரெடியா ஸ்பிரிங்கை இழுத்து வச்சா, குத்தற ஊசியோட பின்னாடி இருக்கற காக்கிங் பீஸ், சியர்னு ஒரு சின்ன இரும்பு மேல தொத்திக்கினு நிக்கும், ட்ரிகர் அந்த சியரை கீழ இறக்கும், அவ்ளோதான் மேட்டர். இடது பக்க சேஃப்டிய போட்டா அது காக்கிங் பீஸை லேசா பின்னாடி இழுத்து புடிச்சுக்கும். இப்ப சேஃப்டில இருக்கும்போது எதுலயாவது ட்ரிகர் மாட்டி அமுங்கிடுச்சுனு வை, சியர் இறங்கிடும், விட்டதும் திரும்பி மேல வரணும். பழைய எண்ணெய் பிசினா ஒட்டிக்கினு இருந்தாலோ ஸ்பிரிங் செத்துப்போயிருந்தாலோ முனை தேய்ஞ்சிருந்தாலோ அது முழுசா ஏறாது. அப்புறம் சேஃப்டிய எடுக்கறப்ப காக்கிங் பீஸை தாங்க ஆளே இல்ல, ஊசியோட நேரா முன்னாடி ஓடி தோட்டாவை குத்தும். அந்த நேரத்துல விரல் எங்க இருந்தா என்ன?

நைனா கிட்ட கேளு, தேங்காயெண்ணெய் போட்டாரான்னு. எக்ஸ் சர்வீஸ்மேன் பாதி பேரு ரிட்டையர் ஆனதும் அதைத்தான் போடறாங்க, எனக்கு பாத்தாலே பத்திக்கினு வரும்.

ஆம்பூர் பாய்:
அமெரிக்காவுல ரெமிங்டன் 700னு ரைஃபிள், 1962ல வந்தது, இதே கதை தான். ட்ரிகருக்கும் சியருக்கும் நடுவுல கனெக்டர்னு தனியா ஒரு துண்டு, அதுல அழுக்கு சேந்து எடத்துக்கு திரும்பலனா சேஃப்டிய எடுத்ததுமே வெடிக்குதுனு ஏகப்பட்ட கேஸ். 1982க்கு முன்னாடி வந்ததுல சேஃப்டி போட்டா போல்டும் லாக் ஆகிடும், அதனால தோட்டாவ வெளிய எடுக்கணும்னாலே சேஃப்டிய எடுத்தாகணும். 2000ல மொன்டானாவுல அம்மா துப்பாக்கிய காலி பண்ண சேஃப்டிய எடுத்தப்ப வெடிச்சு 9 வயசு பையன் செத்துட்டான். கம்பெனி கடைசி வரைக்கும் டிசைன்ல தப்பு இல்லனு தான் சொன்னாங்க, ஆனா புதுசா போட்ட ட்ரிகரையும் 2014ல திரும்ப வாங்க வேண்டி வந்துச்சு, ஃபிட்டிங்ல பசை அதிகமா போயிருந்துச்சாம்.

பழைய ஆர்மரர்:
ஆமா பாய், 303லயும் சேஃப்டி போட்டா போல்ட் நகராது. அதனால தான் காலி பண்ணும்போது பேரலை ஆளில்லாத பக்கம் மண்ணு மேல வைக்கணும். என்சிசி பசங்க கூட ஜாஞ்ச் சஸ்த்ர் (துப்பாக்கிய செக் பண்ண காட்டு), போல்ட் சலா (போல்ட்ட இழு)னு ஹிந்தில கத்துவாங்களே, எல்லாம் அதுக்குத்தான். குண்டு மண்ணுல போச்சுன்னா பெரியவர் ட்ரில்லை மறக்கலனு அர்த்தம், சித்தப்பா கிட்ட சொல்லு.

காட்பாடிக்காரன்:
ரொம்ப நன்றிங்க சார். தேங்காயெண்ணெய் தான் போட்டிருக்காரு 😂 இங்க தெரிஞ்ச லேத் பட்டறை ஒண்ணு இருக்கு, சியரை கழட்டி அங்க காட்டலாமா?

பழைய ஆர்மரர்:
வேணவே வேணாம். ஆர்ம்ஸ் ஆக்ட் 5வது செக்‌ஷன்படி ரிப்பேருக்கே லைசன்ஸ் வேணும், பட்டறைக்காரன் உள்ள போவான், கூடவே உங்க நைனா லைசன்ஸும் போகும். தேய்ஞ்ச சியரை அரம் போட்டு ராவினா இன்னும் மோசமாத்தான் ஆகும். ரிப்பேருக்கு லைசன்ஸ் வச்சிருக்கற டீலர் கிட்ட குடுங்க. அங்க துப்பாக்கிய காலி பண்ணிட்டு காக் பண்ணி, சேஃப்டி போட்டு, ட்ரிகரை நல்லா அமுத்தி விட்டுட்டு, அப்புறம் சேஃப்டிய எடுக்க சொல்லுங்க. டக்குனு சத்தம் கேட்டா உங்க நைனா சொன்னது நிஜம். அதுவரைக்கும் அந்த ரைஃபிளோட டூட்டிக்கு போக வேணாம்னு சொல்லு தம்பி.