ஏ1சி 6.1, மாத்திரை இப்பவே ஆரம்பிக்கணுமா?

ராத்திரிமுழிப்பு:
வயசு 43, எடை 82. போன வார டெஸ்ட்ல ஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 6.1, வெறும் வயித்துல 114. டாக்டர் ப்ரீடயாபடிஸ், அதாவது டயாபடிஸுக்கு முந்தின கட்டம்னு சொல்லி மெட்ஃபார்மின் 500 எழுதிட்டு அடுத்த ஆள கூப்ட்டார். சீட்டு இன்னும் பர்ஸ்லயே மடிச்சு கெடக்கு. ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதுங்கறாங்களே, நெஜமா? மூணு மாசம் நடந்து பாத்துட்டு போட்டுக்கலாமா?

சுகர்டைரி:
விட முடியாததுக்கு அது என்ன போதை மருந்தாங்க? ஈரல் பாட்டுக்கு சுகர அவுத்து விடுதுல்ல, அத கொறைக்கும், நிறுத்தினா ஈரல் பழையபடி போகும், அவ்ளோதான். 2002ல வந்த டிபிபிங்கற அமெரிக்க டயாபடிஸ் தடுப்பு ஆய்வுல எடைய 7 சதவீதம் கொறைச்சு வாரம் 150 நிமிஷம் உடற்பயிற்சின்னு இலக்கு வச்ச குரூப்ல டயாபடிஸ் வர்றது 58 சதவீதம் கொறஞ்சுது, மாத்திரை குரூப்ல 31தான். உங்களுக்கு 7 சதவீதம்னா ஆறு கிலோ கூட இல்ல. நான் சாப்ட்ட ஒடனே சோஃபால விழுறத மட்டும் மொதல்ல விட்டேன், ஒரே மாதிரி சாப்பாடு, ஒரு மணி நேரம் கழிச்சு குத்திப் பாத்தா உக்காந்த நாள் 178, கால்மணி நேரம் நடந்த நாள் 141.

சோம்பேறி_நம்பர்1:
மாத்திரைய அவ்ளோ ஈஸியா தள்ளாதீங்க. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோங்கற கணக்கு) 35க்கு மேல உள்ளவங்க, கர்ப்பத்தப்ப சுகர் வந்த பொம்பளைங்க, இவங்களுக்கு அதே ஆய்வுல மாத்திரையும் நல்லாவே கேட்டுச்சு. நானும் மூணு மாசம் டைம் கேட்ட ஆளுதான், நாளைலேர்ந்து நாளைலேர்ந்துன்னே 6.4 ஆயிடுச்சு. இப்ப போடறேன், மொத பத்து நாள் வயிறு படுத்துன பாடு சொல்லி மாளாது, சாப்பாட்டோட போட்டு, மெதுவா கரையற எக்ஸ்ஆருக்கு மாத்தினப்புறம்தான் அடங்குச்சு. வருஷக்கணக்கா போட்டா வைட்டமின் பி12 கொறையும், அத செக் பண்ணிக்கோங்க.

லேப்கோட்:
ஹீமோகுளோபின் பாத்தீங்களா? இரும்புச்சத்து கம்மியா இருந்தா ஏ1சி கொஞ்சம் ஏத்திக் காட்டும். ஆனா வெறும் வயித்துல 100லேர்ந்து 125 வரைக்கும் ப்ரீடயாபடிஸ் கணக்குதான், உங்களுது 114, அதனால ரொம்ப ஆசைப்படாதீங்க. அப்புறம் பேர பாத்தாலே தெரியுது, மொதல்ல தூங்குங்க சார், தூக்கம் கெட்டாலும் சுகர் ஏறும்.

ராத்திரிமுழிப்பு:
டாக்டருக்கு போன் போட்டேன். மூணு மாசம் தர்றேன், ஆனா எடை எறங்கலன்னா பேச்சே இல்லன்னுட்டார். சீட்டு பர்ஸ்லயே இருக்கட்டும். இப்பதான் சாப்ட்டேன், செருப்ப தேடிட்டு இருக்கேன்.