புதுப்பிப்பு: மகளின் தோலில் இருந்த இளஞ்சிவப்பு வட்டங்கள்

மூன்று மாதம் முன்னால் எழுதியிருந்தேன்: நான்கு வயது மகளின் முதுகிலும் கையிலும் சின்னச் சின்ன இளஞ்சிவப்பு வட்டங்கள், வெறும் மச்சம் என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார் என்று. மரபணு மருத்துவரிடம் காட்டச் சொன்னீர்கள். காட்டினோம்.

அவர் முதலில் புறங்கையால் ஒவ்வொரு வட்டத்தையும் தொட்டுப் பார்த்தார். தோள்பட்டையில் இருந்த ஒன்று மட்டும் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருந்தது. அப்புறம் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்: வட்டத்தைச் சுற்றி மெல்லிய வெளிறிய வளையம். தினமும் குளிப்பாட்டும் என் கண்ணில் அது படவே இல்லை.

ரத்தப் பரிசோதனையில் ஆர்ஏஎஸ்ஏ1 மரபணுவில் மாற்றம் உறுதியானது. நோயின் பெயர் சிஎம்-ஏவிஎம்: ரத்தக் குழாய்கள் சரியாக உருவாகாத மரபணு நோய். தோலில் இருக்கும் வட்டங்களைவிடப் பெரிய கவலை உள்ளே. சிலருக்கு மூளையிலோ முதுகுத்தண்டிலோ தமனியும் சிரையும், நடுவில் நுண்குழாய்களே இல்லாமல், நேராக இணைந்துவிடும். வேகமாகப் பாயும் ரத்தத்தால் கசிவு, வலிப்பு வரலாம். அதற்காகத்தான் எம்ஆர்ஐ. இரண்டு இடத்திலும் ஒன்றுமில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. என் கணவரின் தொடையில் அதே மாதிரி 2 வட்டங்கள்! அவருக்கும் அதே மாற்றம். ஒரே குடும்பத்தில் ஒருவருக்குத் தோலோடு நின்றுவிடும், இன்னொருவருக்கு மூளையிலும் இருக்கும். அடுத்த வாரம் அவருக்கு எம்ஆர்ஐ.

வட்டங்களை லேசரால் நீக்கலாமா என்று கேட்டவருக்கு: இப்போதைக்கு இல்லை. வயது ஏற ஏறப் புதிய வட்டங்கள் வரலாம், அவளுக்கும் வலியில்லை.