கேரியர் மாட்டியதிலிருந்து ஊளைச் சத்தம், உதவி தேவை (அவசரம்)

ஆழியார்க்காரன்:
வணக்கம். போன வாரம் வண்டிக் கூரைக்கு மேலே சாமான் ஏற்றும் கேரியர் மாட்டினேன். அதிலிருந்து பயங்கரச் சத்தம். காது வலிக்கிறது, வீட்டில் யாரும் வண்டியில் ஏற மாட்டேன் என்கிறார்கள். செய்து கொடுத்த பட்டறையில் கேட்டால் "புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்கிறார்கள். ஞாயிறு விடியற்காலை எல்லோரும் வால்பாறை போகணும். அதற்குள் சரி பண்ணியாகணும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நட்டு_போல்ட்டு:
என்ன வண்டி?

குன்னூர்_பனி:
கூரையில் ஓட்டை போட்டு மாட்டினதா, கிளாம்ப் போட்டதா? சத்தம் எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது? விசில் மாதிரியா, உறுமலா, இல்லை மேடு பள்ளத்தில் வரும் கடகடப்பா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒரு படம் போடுங்கள்.

பேரிங்_மாமா:
வீல் பேரிங். நூறு சதவீதம். கேரியர் மாட்டின நேரமும் பேரிங் போன நேரமும் ஒன்றாக அமைந்திருக்கும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள்.

மலைக்கோட்டை_4டபிள்யூடி:
மகேந்திரா தாராகத்தான் இருக்கும். 2020-இல் வந்த, கெட்டிக் கூரை உள்ள தார் ஹார்ட்டாப் என்றால் கேரியரை முதலில் கழற்றுங்கள். அந்தக் கூரை இரும்புத் தகடு இல்லை, அச்சில் வார்த்த ஃபைபர் வகை. எடையை நேராக அதன் மேல் ஏற்றக் கூடாது. பாடியிலிருந்து தனியாகக் கால் எழுப்பி, கூரையைத் தொடாமல் நிற்கும் சட்டம்தான் போடணும். ஐந்து கதவு உள்ள தார் ராக்ஸ் என்றால் கூரை இரும்புத் தகடு, அது வேறு கதை.

பழைய_ஜீப்பு:
தம்பி, டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டு கேட்பீர்களா? வண்டி பெயர் இல்லை, கேரியர் எதில் செய்தது என்று இல்லை, வேகம் இல்லை. நாங்கள் ஜோசியம் பார்க்கவா? கேரியர் என்பது அழகுக்கு மாட்டும் சாமான் என்று நினைத்து இறங்குகிறவர்களுக்கு இப்படித்தான் ஆகும். நாங்கள் மகேந்திரா மேஜர் ஜீப் ஓட்டிய காலத்தில் தேவைக்குத்தான் மாட்டினோம்.

ஆழியார்க்காரன்:
மாருதி ஜிம்னி. கிளாம்ப்தான், ஓட்டை போடவில்லை. படம் இணைத்திருக்கிறேன்.

நட்டு_போல்ட்டு:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மாமா ஜாக்கியை எடுத்திருக்க மாட்டார். ஜிம்னிக்குக் கூரையின் இரண்டு ஓரத்திலும் மழைத்தண்ணீர் ஓடும் வரப்பு வெளியே தெரிகிற மாதிரி இருக்கும். கிளாம்ப் போட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் படத்தில் கிளாம்ப் இரும்பு நேராகப் பெயின்ட் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ரப்பர் எங்கே? சைக்கிள் ட்யூபை வெட்டி இரண்டு மடிப்பாக வைத்தாலே போதும். இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பெயின்ட் தேய்ந்து துரு பிடிக்கும். அந்த ஓரத்தில்தான் கூரைத் தகடும் பக்கத் தகடும் சேர்கின்றன. அங்கே துரு இறங்கினால் டிங்கரிங் பட்டறையில் குடியிருக்க வேண்டியதுதான். நட்டை வெறியோடு முறுக்கவும் வேண்டாம், வரப்பின் உதடு நசுங்கி வளையும். அதிர்வில் எளிதில் தளராத நைலான் லாக் நட்டு போட்டு அளவாக முறுக்குங்கள்.

குன்னூர்_பனி:
வேகம்? சத்தத்தின் வகை?

ஆழியார்க்காரன்:
65 தாண்டினால் ஆரம்பிக்கிறது. 80-இல் உச்சம். ஊஊஊ என்று ஒரே சுருதி. கண்ணாடியை இறக்கினால் கொஞ்சம் மாறுகிறது. ஊருக்குள் சத்தமே இல்லை.

பேரிங்_மாமா:
வேகத்தோடு கூடுகிறது பாருங்கள். பேரிங்தான்.

குன்னூர்_பனி:
மாமா, பேரிங் சத்தம் வளைவில் எடை ஒரு பக்கம் சாயும்போது மாறும், கண்ணாடியை இறக்கினால் மாறாது. இது காற்று.

படத்தில் முன்னால் குறுக்கே உருண்டைக் குழாய், பின்னால் வரிசையாக அதே குழாய்கள். ஒரு இஞ்ச்தானே? உருண்டைக் குழாயைக் காற்று தாண்டும்போது, பின்பக்கம் மேலும் கீழும் மாறி மாறிச் சுழல்கள் கழன்றுகொண்டே போகும். காற்றின் வேகத்தைக் குழாயின் விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை தடவை என்பது வந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். ஒரு இஞ்ச் குழாய்க்குச் சுமார் 175 வருகிறது. ஊஊஊ என்று ஒரே சுருதி என்கிறீர்களே, அந்தச் சுருதி இதுதான். குழாயோ கூரைத் தகடோ அதே தாளத்துக்கு ஒத்து அதிர்ந்தால் வண்டிக்குள் இன்னும் பெரிதாகக் கேட்கும்.

சோதனை சுலபம். ஒரு பழைய துண்டை முன் குழாயில் இறுக்கிச் சுற்றிக் கட்டிவிட்டு, காலியான சாலையில் அதே வேகத்தில் போய்ப் பாருங்கள். சத்தம் குறைந்தால் குற்றவாளி அந்தக் குழாய்தான். அப்புறம் 6 அல்லது 8 மில்லிமீட்டர் நைலான் கயிறு வாங்கி, முன் குழாயில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சாய்வாகச் சுற்றுங்கள். நெருக்கமாக வேண்டாம், சுற்றுக்குச் சுற்று அரைச் சாண் இடைவெளி விடுங்கள். இரண்டு முனையிலும் கேபிள் டை. ஆலைகளில் உயரமான இரும்புப் புகைபோக்கியின் உச்சியில் திருகு மாதிரி தகடு சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதற்காகத்தான், சுழல்கள் ஒரே தாளத்தில் கழலாமல் கலைத்துவிடும்.

மலைக்கோட்டை_4டபிள்யூடி:
கயிறு பார்க்க அசிங்கமாக இருக்கும். முன்னால் சாய்வாக ஒரு அக்ரிலிக் தகடு வையுங்கள், காற்று கேரியருக்கு மேலே ஏறிப் போய்விடும்.

நட்டு_போல்ட்டு:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குறுக்குக் குழாய்களின் முனைகள் திறந்தே இருக்கின்றன! வெட்டின இடத்தில் அரம்கூடப் போடவில்லை. புல்லாங்குழலை வரிசையாக அடுக்கிக் கூரையில் வைத்த மாதிரிதான் இது. நாற்காலிக் காலுக்கு மாட்டும் ரப்பர் புஷ் இரும்புக் கடையில் கிடைக்கும், எல்லா முனையிலும் அடித்து விடுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே போய் உள்பக்கமாகத் துருப்பிடிப்பதும் நிற்கும்.

பழைய_ஜீப்பு:
எல்லோரும் சத்தத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். எடையை யாரும் கேட்கவில்லை. ஒரு இஞ்ச், 2 மில்லிமீட்டர் கனம் உள்ள இரும்புக் குழாய் அடிக்கு 350 கிராம் வரும். படத்தில் எண்ணினால் 80 அடிக்குக் குறையாது. அதுவே 28 கிலோ. வலை, கிளாம்ப், வெல்டிங் எல்லாம் சேர்த்தால் 35. வெளிநாட்டில் விற்கும் ஜிம்னிக்குக் கூரை எடை வரம்பு 30 கிலோ, அதுவும் கேரியரைச் சேர்த்து. தம்பி தன் வண்டிக் கையேட்டை ஒருமுறையாவது திறந்து பார்த்திருந்தால் இங்கே கேள்வியே வந்திருக்காது. ஒரு பை கூட வைக்காமலே வரம்பு தாண்டியாகிவிட்டது.

மலைக்கோட்டை_4டபிள்யூடி:
அது ஓடும்போதுள்ள கணக்கு. நிற்கும்போது எவ்வளவோ தாங்கும். கூரை மேல் கூடாரம் போட்டு இரண்டு பேர் படுக்கிறார்களே?

பழைய_ஜீப்பு:
வால்பாறைக்கு நின்றுகொண்டா போகப்போகிறார்? ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. வண்டியின் அகலம் 1,645 மில்லிமீட்டர், உயரம் 1,720. அகலத்தைவிட உயரம் கூடின வண்டியின் தலையில் இரும்பை ஏற்றினால் வளைவில் எப்படிச் சாயும் என்று யோசியுங்கள். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த எடை இரண்டு மடங்காகக் கிளாம்பை இழுக்கும். ஆஃப்ரோடு போகிறவனுக்கு முதல் பாடமே கனமானது கீழே, லேசானது மேலே.

ஈரோட்டு_எஞ்சின்:
இதெல்லாம் இருக்கட்டும், கேரியர் போட்டால் வழியில் பிடிக்க மாட்டார்களா?

பழைய_ஜீப்பு:
பிடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

நட்டு_போல்ட்டு:
பாதியைப் படித்துவிட்டு மிரட்டாதீர்கள். அதே பிரிவின் விளக்கத்தில், வண்டியின் கட்டமைப்பை மாற்றி அடிப்படை அம்சமே மாறுவதைத்தான் மாற்றம் என்று சொல்லியிருக்கிறது. ஸ்பேனர் இருந்தால் கழற்றி வைக்கிற கேரியர் எப்படிக் கட்டமைப்பு ஆகும்? கம்பெனிக்காரர்களே ஷோரூமில் கேரியர் விற்கிறார்கள்.

பழைய_ஜீப்பு:
முன் பம்பரில் மாட்டும் இரும்புச் சட்டம், அந்தப் புல் பாருக்கும் இதே வாதத்தைத்தான் சொன்னார்கள். 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம், அதை மாட்டியவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி எல்லா மாநிலத்துக்கும் கடிதம் போட்டது. அப்புறம் அவரவர் கழற்றினார்கள்.

ஈரோட்டு_எஞ்சின்:
புல் பார் முன்னால் இருக்கிறது, நடந்து போகிறவர் மேல் மோதும், உள்ளே இருப்பவர்களுக்கும் ஆபத்து. கேரியர் யார் மேல் மோதப்போகிறது?

பழைய_ஜீப்பு:
கிளாம்ப் கழன்று பின்னால் வருகிற பைக்காரர் மேல் விழுந்தால் தெரியும்.

குன்னூர்_பனி:
சட்டச் சண்டைக்குத் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். எடை விஷயத்தில் மட்டும் பெரியவர் சொல்வது சரி. ஆழியார்க்காரன், நடுவில் உள்ள குழாய்களில் பாதி போல்ட்டில்தான் நிற்கிறது போல் தெரிகிறது. அவற்றைக் கழற்றினால் எடையும் குறையும், ஊளையிடக் குழாயும் குறையும். மேலே படுக்கை, துணிப்பை மட்டும் வையுங்கள். 20 லிட்டர் டீசல் கேன் எல்லாம் வேண்டாம்.

மலைக்கோட்டை_4டபிள்யூடி:
ஜிம்னி பெட்ரோல் வண்டி சார்.

குன்னூர்_பனி:
பெட்ரோல் கேன் அதைவிட வேண்டாம்.

பேரிங்_மாமா:
ஆள் எங்கே போனார்?

ஆழியார்க்காரன்:
போய்விட்டு வந்துவிட்டோம். துண்டு கட்டினதுமே வித்தியாசம் தெரிந்தது. கயிறு சுற்றி, புஷ் அடித்து, நடுக் குழாய்கள் நாலு கழற்றினேன். 80-இல் ஊளை இல்லை, 95 பக்கம் லேசாக வருகிறது. எல்லோருக்கும் நன்றி.

நட்டு_போல்ட்டு:
மகிழ்ச்சி. ரப்பர் வைத்தீர்களா? மலை ஏறி இறங்கின பிறகு நட்டுகள் கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும், ஒரு சுற்று பார்த்து முறுக்கிவிடுங்கள்.

பழைய_ஜீப்பு:
கழற்றின பிறகு மொத்த எடை எவ்வளவு?

நட்டு_போல்ட்டு:
ரப்பர்?