ஏற்காட்டு ஈரத்தில் துணி டயப்பர் காயுமா, இல்லை பேம்பர்ஸே கதியா?

மலைமேல் மருமகள் கேட்டது:

பையனுக்கு மூன்றரை மாதம். பிரசவத்துக்கு வந்ததிலிருந்து சேலம் அம்மாபேட்டையில் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். பகலில் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் அடித்த துணி, ராத்திரிக்கு ஒரு பேம்பர்ஸ் (எந்தக் கம்பெனியாக இருந்தாலும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் அதுதான்). இங்கே ஒரு தொல்லையும் இல்லை. வெயில் அடிக்கிற நாளில் மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிட்டு இறங்கி வந்து ஒரு டீ குடித்துவிட்டு ஏறினால் அப்பளம் மாதிரி மொறுமொறு என்று கிடக்கும்.

ஐந்தாம் மாதம் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போக வருகிறார்கள். சரியாக ஐப்பசி. அவருக்குக் காபி எஸ்டேட்டில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. போன வருடம் இதே சீசனில் துவைத்த போர்வை ஐந்து நாள் கொடியிலேயே கிடந்து, ஆறாம் நாள் வாடை தாங்காமல் மறுபடியும் துவைத்தேன். இவனோ ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி நனைக்கிறான். மாமியார் "பச்சைப்பிள்ளைக்கு பிளாஸ்டிக்கைக் கட்டாதே" என்கிறார். வீட்டுக்காரர் "பேசாமல் மூட்டையாக வாங்கிப் போட்டுவிடலாம்" என்கிறார். துவைக்கப் போவது இவர்கள் ரெண்டு பேருமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டன் வைத்த துணி டயப்பர் மூன்று பரிசாக வந்தது. ஆசையாகப் போட்டு மடியில் வைத்தேன், அரை மணி நேரத்தில் தொடை வழியாக ஒழுகி என் புடவை நனைந்ததுதான் மிச்சம். ஏன் ஒழுகுகிறது, மலைக்குப் போனால் எத்தனை வேண்டும், பேம்பர்ஸ் என்றால் அந்தக் குப்பையை அங்கே எங்கே போடுவது? அப்புறம் நாலு நாளாகத் தொடை இடுக்கில் சிவந்திருக்கிறது, அது பேம்பர்ஸாலா துணியாலா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாகலூர்க்காரி:

தங்கச்சி, ரெண்டு பிள்ளைகளை இந்த மலையில்தான் வளர்த்தேன், ரெண்டும் மழைக்காலத்துப் பிள்ளைகள். கடையில் துணியைக் கையில் எடுத்ததும் இது எவ்வளவு நீர் பிடிக்கும் என்று கேட்காதீர்கள், எவ்வளவு நேரத்தில் காயும் என்று கேளுங்கள். நாலைந்து அடுக்கு சேர்த்துத் தைத்த தடி டயப்பர் எல்லாம் கீழே சேலத்துக்குச் சரி. இங்கே அது வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் விரல் வைத்து அழுத்தினால் குளுகுளு என்று ஈரம். அதைத்தான் தெரியாமல் மூத்தவளுக்குக் கட்டிவிட்டு ராத்திரி முழுக்க அவள் ஏன் அழுகிறாள் என்று வயிற்றை மட்டும் தடவிக்கொண்டிருந்தேன்.

ஒற்றை அடுக்குத் துணி வேண்டும். உங்கள் அப்பா வேட்டியே போதும், இல்லை என்றால் மல் துணி வாங்கி ஒரு கஜ அகலத்துக்குச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். கட்டும்போது நாலாக மடி, நீளவாக்கில் இன்னொரு மடிப்பு, அடுக்கு தானாக வந்துவிடும். துவைத்து உதறினால் மறுபடியும் ஒற்றைத் துணி, கொஞ்சம் காற்று அடித்தாலே காயும். அதற்கு மேலே நீர் கசியாத கவர் மட்டும் கடையில் வாங்குங்கள். கவர் ஒவ்வொரு தடவையும் துவைக்க வேண்டாம், மலம் படாமல் இருந்தால் துடைத்துவிட்டுக் காற்றாட விட்டு அடுத்த துணிக்கே போடலாம். நான் 30 துணியும் 6 கவரும் வைத்திருந்தேன், மூன்று நாள் அடைமழையையும் அதை வைத்தே ஓட்டியிருக்கிறேன்.

காலையில் ஏழு மணிக்கெல்லாம் கொடியில் இருக்க வேண்டும், மத்தியானம் மஞ்சு (பனிமூட்டம்) இறங்குவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். மஞ்சு இறங்கின பிறகு கொடியில் கிடக்கிற துணி காயாது, அதுவரை காய்ந்ததும் மறுபடி ஈரமாகிவிடும். உள்ளே எடுத்ததை சமையலறையில் ஒரு கயிறு கட்டிப் போடுங்கள், ஆனால் விறகு அடுப்பாக இருந்தால் வேண்டாம், புகை வாடை துணியில் ஏறிப் பிள்ளைக்கு மூக்கடைப்பு வரும். கடைசி ஈரத்துக்கு இஸ்திரிப் பெட்டிதான். கவரை மட்டும் இஸ்திரி போடாதீர்கள், உள்ளே பூசியிருக்கிற பிளாஸ்டிக் படலம் சுருண்டு உரிந்துவிடும், நான் ஒன்றைக் காவு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

குரங்கைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். மஞ்சள் பூப்போட்ட கவர் ஒன்றை எடுத்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தில் ஏறி உட்கார்ந்து தலையில் மாட்டிப் பார்த்தது ஒரு பெரிய கடுவன். இன்னும் கிடைக்கவில்லை.

இரட்டைக்கு அப்பன், அஸ்தம்பட்டி:

ஒழுகுவதற்கு நான் பதில் சொல்கிறேன், எங்கள் வீட்டில் அது ரெண்டு மடங்காக நடந்தது.

வாங்கின அன்றே போட்டீர்களா? பருத்தி, சணல் மாதிரி நாரில் செய்த உள்துணியில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருக்கும், அது போகிற வரை தண்ணீரை உறிஞ்சாது, மேலேயே உருட்டிவிடும். ஐந்தாறு தடவை துவைத்துக் காய வைத்த பிறகுதான் முழுசாக வேலை செய்யும். சந்தேகமாக இருந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள், முத்தாக நின்றால் இன்னும் துவைக்க வேண்டும். அப்புறம் தொடையில் எலாஸ்டிக் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். ஜட்டி போடுகிற மாதிரி தொடை இடுக்கில் உட்கார வேண்டும், தொடைச் சதைமேல் நின்றால் ஒழுகத்தான் செய்யும். உள்துணி ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் திரி மாதிரி இழுத்து வெளியே விட்டுவிடும்.

ஆறு மாதம் கழித்து நன்றாக இருந்ததே மறுபடியும் ஒழுக ஆரம்பித்தது. காரணம் தண்ணீர். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு, கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகத் துணியில் படிகிறது. கட்டி சோப்பை விட்டுவிட்டு வாஷிங் பவுடருக்கு மாறினோம், கடைசி அலசலை மட்டும் மேட்டூர் தண்ணீரில் செய்தோம், சரியாயிற்று. வாசனைக்காக ஊற்றுகிற கண்டிஷனரும் இதே வேலையைத்தான் செய்யும், துணி மெத்தென்று இருக்கும், உறிஞ்சாது. மூத்திரத் துணியை வாளியில் ஊறப்போட்டு ரெண்டு நாள் மறந்துவிடாதீர்கள், மூடி திறந்தால் கண் எரியும், அது அமோனியா.

காசுக் கணக்கு கேட்பார்கள். ஒரு பேம்பர்ஸ் 10 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஏழு, எனக்கு ரெண்டு பிள்ளை, மாதம் 4,200. துணிக்கு மொத்தமாக 7,500 செலவழித்தேன், ரெண்டு மூன்று மாதத்திலேயே கட்டுப்படியாகிவிட்டது. ஆனால் துணி என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று யாராவது பாடம் எடுத்தால் கொஞ்சம் பொறுங்கள். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழந்தைக்கு இரண்டரை வருடத்துக்கு பேம்பர்ஸ் வகை 550 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயுவை வெளியிடுகிறது, துணி 570 கிலோ. வித்தியாசமே துவைக்கிற விதத்தில்தான். வெளியே கொடியில் காயப்போட்டு, மெஷினை நிறைத்துத் துவைத்து, அடுத்த பிள்ளைக்கும் அதையே கட்டினால் துணிக் கணக்கு 40 சதவீதம் குறைகிறது. மெஷின் டிரையரில் காய வைத்தால் அந்த லாபமெல்லாம் போச்சு. அது அவர்கள் ஊர்க் கணக்கு, ஆனால் கொடிக்கு நமக்குப் பஞ்சம் இல்லையே.

நாங்களும் ராத்திரிக்கும் பயணத்துக்கும் பேம்பர்ஸ்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் வந்தால் துணியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

பழைய வார்டு சிஸ்டர்:

கண்ணு, சிவந்தது துணியாலா பேம்பர்ஸாலா என்று கேட்கிறாய். பெரும்பாலும் ரெண்டாலும் இல்லை, எவ்வளவு நேரம் ஈரத்தோடு கிடந்தான் என்பதால். பேம்பர்ஸ் நனைந்தாலும் மேலே காய்ந்த மாதிரி தெரியும், அதனால் நாம் மறந்துவிடுகிறோம், அது அதன் குற்றம் இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாதே, மலம் போனால் உடனே மாற்று. வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, கொஞ்ச நேரம் ஒன்றும் கட்டாமல் தரையில் விரித்துப் போட்டுவிடு. பவுடர் வேண்டவே வேண்டாம், பிள்ளை மூச்சில் போகும். டெட்டால் மாதிரி எதையும் துணி அலசுகிற தண்ணீரில் ஊற்றாதே.

இடுக்கின் மடிப்புக்குள்ளேயே அடர்ந்த சிவப்பாக இருந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெளித்த மாதிரி இருந்தால் அது பூஞ்சை, எண்ணெய் தடவிக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் காட்டு. நாலு நாளாச்சு என்கிறாய், எப்படி இருந்தாலும் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. டாக்டர் துத்தநாகக் களிம்பு எழுதிக்கொடுத்தால் துணிக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய துண்டு போட்டுக்கொள், களிம்பு ஒட்டினால் துணி உறிஞ்சாது.

துணியில் ஒரு வசதி, எத்தனை தடவை போனான் என்று எண்ணலாம். தாய்ப்பால் பிள்ளை 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நனைக்க வேண்டும். பேம்பர்ஸ் கட்டினால் தூக்கிப் பார்த்து கனத்தை வைத்துத்தான் குறிக்க வேண்டும். கட்டும்போது கால்கள் தவளை மாதிரி அகன்று மடங்க இடம் விடு. இடுப்பில் இறுக்கி முடிச்சும் வேண்டாம், ஊக்கும் வேண்டாம்.

எஸ்டேட் குமாஸ்தா:

குப்பைக்கு மட்டும் நான். தயவுசெய்து காபிச் செடிக் குழியில் புதைக்காதீர்கள். ராத்திரி நாய் தோண்டி இழுத்து லைன் வீடுகள் முழுக்கப் பரப்பிவிடும், உள்ளே இருக்கிற தூள் மழையில் ஊறி ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி வழியும். அது சோடியம் பாலிஅக்ரிலேட், மக்காது. எரிக்கவும் கூடாது, மேலும் கீழும் பிளாஸ்டிக். கக்கூஸில் போட்டால் செப்டிக் டேங்க்காரருக்குத் தனிச் செலவு. மலத்தை மட்டும் கக்கூஸில் உதறிவிட்டு, சுருட்டி நாளிதழில் கட்டித் தனிப் பையில் வையுங்கள். திடக்கழிவு விதிகளும் சுற்றிக் கட்டிக் கொடுக்கத்தான் சொல்கின்றன. எங்கள் பக்கம் வண்டி தினமும் வராது, மூடி போட்ட டப்பா ஒன்று வாங்கி வையுங்கள், நாய்க்கும் குரங்குக்கும் எட்டாத உயரத்தில்.

மலைமேல் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், முத்து முத்தாக நின்றது! பரிசு வந்த மூன்றும் இப்போது நாலாவது தடவையாக மெஷினில் இருக்கிறது. டாக்டரிடம் காட்டினோம், பூஞ்சை இல்லை, ராத்திரி பேம்பர்ஸை நடுவில் ஒரு தடவை மாற்றச் சொன்னார். பகலில் ஒற்றைத் துணி, ராத்திரி பேம்பர்ஸ், மழை விடாத நாளில் பகலிலும் ஒன்றிரண்டு என்று முடிவு. மூட்டையாக வேண்டாம், ஒரு பாக்கெட் போதும் என்று அவரிடம் சொல்லியாச்சு, காலை ஏழு மணிக் கொடி அவர் பொறுப்பு என்பதையும் சேர்த்து. அம்மா இன்னும் ரெண்டு வேட்டி கிழிக்கிறார், அப்பா தன் கல்யாண வெண்பட்டை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

நாகலூர் அக்கா, குரங்குக்கு ஏதாவது வழி உண்டா?

நாகலூர்க்காரி:

கிளிப் போடாமல் கவரின் பட்டனைக் கொடியைச் சுற்றிப் போட்டுவிடுங்கள். அதையும் கழற்றும், ஆனால் ரெண்டு நிமிஷம் ஆகும், அதற்குள் நீங்கள் துடைப்பத்தோடு வந்துவிடலாம். மஞ்சள் மட்டும் வாங்காதீர்கள்.